ஆயிரத்து இருநூறில் மூன்று

வேதகிரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்துவிட்டால், தானாக பிரேக் போடும் புதிய மென்பொருள் திங்கட்கிழமை நாலாயிரம் கார்களில் ஏறிவிடும்.

ஒரகடத்துச் சோதனைத் தளத்தில் ஆயிரத்து இருநூறு முறை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். மூன்று முறை, கறுப்புக் குடை பிடித்த பொம்மையைக் கார் ஆள் என்று கண்டுகொள்ளவில்லை. நேராகப் போய் இடித்தது. 'அரிதானது, ஏற்கத்தக்கது' என்று அறிக்கை முடிந்திருந்தது. எழுதியவர் வேதகிரியேதான்.

ஆனாலும் பேனா நகரவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு இம்மாகுலேட்டைத் தேடிப் போனார். வயதில் அவரைவிட நான்கு வருடம் இளையவர் என்றாலும், அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் இம்மாகுலேட்தான். நாற்பது பேர் சேர்ந்து எழுதிய மென்பொருள், நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார்.

இம்மாகுலேட் எழுந்தார். அவரைத் தளத்துக்கு அழைத்துப் போனார். பொம்மையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அதன் குடையைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வாருங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள் என்றார்.

வேதகிரி வேண்டாம் என்று கெஞ்சினார்.

"நீங்க எழுதின அறிக்கைதானே?" என்றார் இம்மாகுலேட்.

வேதகிரி காரைக் கிளப்பினார். நூறு மீட்டர். எண்பது. குடைக்குக் கீழே முகம் தெரியவில்லை; சேலைக் கரையும் இரண்டு செருப்புகளும்தான் தெரிந்தன. காரின் திரையில் இந்நேரம் ஆள் உருவம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் இடமிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறுபது. ஐம்பது. செருப்புகள் அசையவே இல்லை.

முப்பதில் அவர் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

கார் நின்றது. வேதகிரியின் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. இம்மாகுலேட் நடந்து வந்து ஜன்னலருகே குனிந்தார். அவர் நெற்றியும் வியர்த்திருந்தது.

"ஏன் மிதிச்சீங்க? தானா நின்னிருக்குமே."

"நிக்காம போயிருந்தா?"

இம்மாகுலேட் குடையை மடக்கினார்.

வேதகிரி பக்கத்து இருக்கையிலிருந்த அறிக்கையை எடுத்தார். கடைசி வரியை அடித்தார். பேனா அங்கேயே நின்றது.

"இதுக்குப் பதிலா என்ன எழுதட்டும், மேடம்?"

"ஏன் மிதிச்சீங்கன்னு கேட்டப்ப என்கிட்ட திருப்பிக் கேட்டீங்களே, அதை."