பன்றி மருதன் எழுத்துக் கற்ற கதை

மூங்கில்காட்டில் எல்லா விலங்குகளுக்கும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே மனிதர்கள் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் மரங்கொத்திகள் மரப்பட்டையில் கொத்தி எழுதி வைத்திருந்தன. படிக்கத் தெரிந்தவர் பிழைத்தார்.

நாவல் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்தியவள் செவ்வந்தி என்ற மரங்கொத்தி. முயல் குட்டிகளும் கீரிக் குட்டிகளும் முன்னால் உட்காரும். கடைசியில் மருதன் என்ற காட்டுப்பன்றி உட்காருவான். அவனுக்குக் கோரைப்பல் முளைத்துவிட்டது. பாடத்தை அவன் கணீரென்று ஒப்பிப்பான். ஒரு சொல் தப்பாது. இவனைப் பற்றிக் கவலையில்லை என்று செவ்வந்தி நினைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் பன்றிக் கூட்டம் தண்ணீர் தேடிக் கிளம்பியது. வளர்ந்த பிள்ளை என்று மருதனை முன்னால் நடக்கவிட்டார்கள். பாதை பிரியும் இடத்தில் ஒரு மரம். அதில் ‘குழி’ என்று எழுதியிருந்தது. மருதன் அண்ணாந்து பார்த்து, “குளம்!” என்றான்.

கூட்டம் சந்தோஷமாக ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடிய அவன் தாய் வேலம்மா, இலை மூடிய குழிக்குள் விழுந்தாள். எல்லோரும் மூக்கால் கரையை இடித்துச் சரித்து, மனிதர்கள் வருவதற்குள் அவளை மேலே ஏற்றிவிட்டார்கள். ஆனால் அவளுடைய முன்னங்கால் ஒன்று நொண்டியாகிப் போனது.

அதன்பிறகு மருதன் பள்ளிக்கு வரவில்லை. பல் முளைத்தவனுக்கு இனி எழுத்து ஏறுமா, மந்தப் பிள்ளை, கிழங்கு தோண்டிப் பிழைக்கட்டும் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். செவ்வந்திக்கு மனசு கேட்கவில்லை. அவனைத் தேடிப் போனாள்.

மருதன் சேற்றுக் குட்டையில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. தினமும் எப்படி அத்தனை சரியாகப் படித்தாய் என்று மட்டும் கேட்டாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். “நான் படிச்சதே இல்ல டீச்சர். முன்னால இருக்கிற குட்டிங்க படிக்கறதக் கேட்டு மனப்பாடமாச் சொல்வேன். புதுசா எதாவது வந்தா முதல் எழுத்தப் பாத்து மிச்சத்த ஊகிச்சுக்குவேன்.”

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் தன் கண்ணெதிரே ஒரு பிள்ளை இப்படித் தப்பித்துக் கொண்டிருந்திருக்கிறான். தனக்குத் தெரியவே இல்லை. தெரியாததை மறைக்க அவன் பட்ட பாட்டில் பாதி போதும், படிக்கவே கற்றிருக்கலாம். இவ்வளவு ஞாபகசக்தி உள்ளவனையா மந்தம் என்கிறார்கள்?

“தப்பு உன்மேல மட்டும் இல்ல. நானும் கவனிக்கல. மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

“முயல் குட்டிங்களோட உட்கார வைக்காதீங்க டீச்சர்.”

“மாட்டேன்” என்றாள் செவ்வந்தி.

மறுநாள் நடுப்பகலில், மற்ற விலங்குகள் நிழலில் உறங்கும்போது, குட்டைக்கரையில் பாடம் தொடங்கியது. குட்டிகளுக்கான பூ, ஈ பாடத்தை அவள் தொடவேயில்லை. அவனுக்குத் தேவையான சொற்களையே எடுத்தாள். மூக்கால் சேற்றில் எழுதச் சொன்னாள். அது அவனுக்குக் கைவந்த வேலை. முதலில் குழி, அதன் பக்கத்தில் குளம். இரண்டையும் அவன் உற்றுப் பார்த்தபடியே நின்றான்.

“ரெண்டாவது எழுத்துலயே வேற ஆயிடுது” என்றான் மெதுவாக. “அந்த எழுத்துலதான் எங்கம்மா விழுந்துட்டாங்க.”

எழுத்து சுலபமாக வசப்படவில்லை. கிழங்கு என்று எழுதுவான், மறுநாள் அதையே படிக்கத் திணறுவான். ‘தெ’ போன்ற எழுத்தில் வரும் ஒற்றைக் கொம்பு அவனை ரொம்பவும் படுத்தியது. பின்னால் ஒலிப்பதை ஏன் முன்னால் எழுதுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு ஒரு கரையான் புற்றையே முட்டித் தள்ளினான். செவ்வந்தி கிளையில் அமர்ந்து பொறுத்திருந்தாள். அவன் திணறும்போது விடையை எடுத்துக் கொடுக்கமாட்டாள். நீளமான சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டிவிட்டுக் காத்திருப்பாள். எவ்வளவு கோபித்துப் போனாலும் அவன் திரும்பி வருவான். வராமல் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த வீம்பைப் பார்த்து அவளுக்கே வியப்பாக இருக்கும்.

அடுத்த கோடையில் காட்டில் தீப் பிடித்தது. செவ்வந்தி உயரே பறந்து பார்த்தாள். தீ வடக்குப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு வேங்கை மரத்தில் அவசரமாகச் செய்தியைக் கொத்திவிட்டு, மற்றப் பறவைகளை எழுப்பப் பறந்தாள். திரும்பி வரும்போது, அந்த மரத்தைச் சுற்றிப் பன்றிகளும் மான்களும் முயல்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைத் தொலைவிலிருந்தே பார்த்தாள். ஆறு வடக்கே இருந்ததால் எல்லோரும் அங்கே ஓடத் துடித்தார்கள்; பதற்றத்தில் மரத்தில் இருந்த எழுத்தை யாரும் பார்க்கவில்லை. வழியை மறித்து நின்றவன் மருதன்.

“பொறுங்க. நான் இன்னும் படிச்சு முடிக்கல.”

யாரோ அவனைப் பிடித்துத் தள்ளினார்கள். வேலம்மா நொண்டிக்கொண்டே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். “அவசரப்படாத. நல்லாப் பாத்துப் படி” என்றாள்.

மருதன் படித்தான். “வ… வடக்… வடக்கே போ… போகா… போகாதீர்கள்.” பின்னால் புகை ஏறிக்கொண்டிருந்தது. அவன் நிமிரவில்லை. ஊகிக்கவும் இல்லை. “தெற்கே… பாறை… வழி… தி… திறந்திருக்கிறது.”

பறந்து வந்துகொண்டிருந்த செவ்வந்தி ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். ஒன்றைக்கூட அவள் திருத்த வேண்டியிருக்கவில்லை. கூட்டம் தெற்கே திரும்பியது. பாறைகளுக்கு அப்பால் போய் எல்லோரும் பிழைத்தார்கள்.

தீ அணைந்து மழை பெய்த பின் செவ்வந்தி குட்டைக்குப் போனாள். மருதனுக்குப் பக்கத்தில் ஒரு முழுவளர்ந்த கரடி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தது. தானும் இத்தனை நாள் ஊகித்தே ஓட்டிவிட்டதாகவும், தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் தரையைப் பார்த்தபடி கேட்டது. மருதன் நகர்ந்து இடம் விட்டான்.

வளர்ந்தபின் படிக்கத் திணறுகிறவரை மட்டம் தட்டாமல், வயதுக்குரிய மரியாதையோடு, முதலிலிருந்து பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால், எழுத்து எவருக்கும் வசப்படும்.