புரோமின் அக்காளும் தங்கையும் கைவிட்ட கதை

அந்தக் காலத்தில், தனிமங்களுக்கெல்லாம் வாயும் கையும் இருந்தபோது, கடலோரக் குகை ஒன்றின் இருட்டில் புரோமின் வீட்டு இரட்டைப் பெண்கள் இருந்தார்கள். அக்காள் செம்பா, தங்கை வடிவு. ஆளுக்கு ஒரே ஒரு கை. பிறந்தது முதல் அந்தக் கையால் ஒருத்தியை ஒருத்தி பிடித்திருந்தார்கள். அவர்களைப்போல் இன்னும் பல சோடிகள் அந்தக் குகையில் உண்டு. அப்படிச் சேர்ந்திருக்கையில் இருவர் மேலும் கனிந்த இலந்தைப்பழச் சிவப்பு படர்ந்திருக்கும். நெடிதான் சகிக்காது. அவர்கள் அசைந்தால் நண்டுகூட வளைக்குள் ஓடிவிடும்.

அங்கே கரியன் என்கிற கார்பன் வந்து போவான். நாலு கைக்காரன், நாலிலும் ஒவ்வொரு குட்டி ஹைட்ரஜனைப் பிடித்திருப்பான். வடிவுக்கு அவன்மேல் ஆசை.

"என்னையும் சேத்துக்கோயேன் மச்சான்."

"எங்கே சேக்க? எனக்கும் கை காலியில்ல, உனக்கும் காலியில்ல" என்று சிரித்தான் கரியன்.

இருட்டு இருந்தவரை அது சிரிப்போடு போயிற்று. ஒருநாள் குகைவாயில் பாறை சரிந்து வெளிச்சம் நுழைந்தது. முதலில் வந்த சிவப்பு வெளிச்சம் அக்காள் தங்கையின் பிடியைத் தொட்டுப் பார்த்தது. "யம்மாடி, இது எனக்கு அடங்காது" என்று நகர்ந்துகொண்டது. பின்னால் வந்த நீலத்துக்கு வலு அதிகம். வடிவு அதைக் கூப்பிட்டாள்.

"எங்க கையைக் கொஞ்சம் பிரிச்சு விடேன்."

"வேண்டாம்டி" என்றாள் செம்பா.

"ஒரு நொடிதானக்கா. அவனைப் பிடிச்சதும் உன்னையும் கூப்பிட்டுக்கறேன்."

"பிரிக்கத்தான் எனக்குத் தெரியும், சேர்த்து வைக்கத் தெரியாது" என்றது நீலம்.

வடிவு காதில் அது ஏறவில்லை. "பிரி" என்றாள்.

பிடி அறுந்த வேகத்தில் வடிவு எங்கோ போய் விழுந்தாள். வெறுங்கை என்றால் என்னவென்றே அறியாத செம்பா, தவிப்பில் கிடைத்ததைப் பற்றினாள். கிடைத்தது கரியன் கையிலிருந்த ஒரு ஹைட்ரஜன். அதோடு புகையாய் எழுந்து, ஈரக்காற்றில் கரைந்து போனாள். கை காலியான கரியன், பக்கத்தில் போன இன்னொரு புரோமின் சோடியில் ஒருத்தியை இழுத்துக்கொண்டு நடந்தான். வடிவு எழுந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குகை நெடுகிலும் இதே கூத்துதான். ஒருத்தி தவித்தால் இன்னொரு சோடி கலைந்தது. சிவப்பெல்லாம் வெளுத்துப்போயிற்று.

பொழுது சாயும்போது, கரியன் கலைத்த சோடியில் மிஞ்சியவள் வடிவின் எதிரே வந்து நின்றாள்.

"உங்க அக்கா எங்கே?"

"நான்தான் விட்டுட்டேன். உன் தங்கச்சி?"

"கரியனோட போயிட்டா."

இருவரும் கை கோத்தார்கள். இருட்டியது. பழைய சிவப்பு திரும்ப வந்தது. பிடி மட்டும் செம்பாவின் பிடியாக இல்லை.

இன்றைக்கும் கரியன் இனத்தாரோடு புரோமின் இருட்டில் எத்தனை நாள் கிடந்தாலும் சும்மா கிடக்கிறது. நீல வெளிச்சம் பட்டதும் அதன் சிவப்பு கண்ணெதிரே வெளுக்கிறது. அதைப் பழுப்புக் குப்பியில் அடைத்து இருட்டில் வைப்பதும், உள்ளே இருப்பவர்கள் இன்னொரு முறை கையை விட்டுவிடக் கூடாதே என்றுதான்.