வெள்ளச்சி வைத்த வெயில் தண்ணீர்

அல்லிக் குளத்தின் கரையில் நெட்டைக்காதன் என்ற முயல் இருந்தது. அதன் வலது காது அழுக்கால் அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கமாக நரி வந்தால் தெரிவதில்லை. நேற்று நரியின் வாயில் வால்முடியைக் கொடுத்துவிட்டு உயிர் தப்பியிருந்தது.

மரங்கொத்தி கேலி செய்தது.

"என்ன மச்சான், வாலை யாருக்குத் தானம் செய்தாய்?"

"காது அடைத்துவிட்டதடா! நரி வந்தது கேட்கவில்லை."

"இவ்வளவுதானா? ஒரே கொத்து! எடுத்துவிடுகிறேன்."

"ஐயோ! இது காது, மரமில்லை!"

குளத்தில் நின்ற யானை, "தள்ளு, நான் கழுவுகிறேன்" என்றது. ஆழத்துக் குளிர்ந்த நீரை உறிஞ்சி, காதுக்குள் வேகமாய் அடித்தது. முயலுக்குத் தலை சுற்றியது. உருண்டு சேற்றில் விழுந்தது.

"காதைக் கழுவச் சொன்னால் முயலையே கழுவிவிட்டாயே, அக்கா!" என்றது மரங்கொத்தி.

சேற்றில் கிடந்த முயலுக்கு, இறந்துபோன தன் துணை வெள்ளச்சியின் நினைவு வந்தது. வெள்ளச்சி அல்லி இலையில் நீரேந்தி வெயிலில் வைக்கும். "வலி இருக்கிறதா? சீழ் வருகிறதா? இருந்தால் தண்ணீரே கூடாது" என்று முதலில் கேட்கும். தன் மூக்கு நுனியை நனைத்துச் சூடு பார்க்கும். பிறகு காதின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடும். அழுக்கு வெளியே வரும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் காது சுத்தமாகிவிட்டது என்று பொருள்.

முயல் அதையெல்லாம் சொன்னது. தனக்கு வலியும் இல்லை, சீழும் இல்லை என்றது. யானை தலையைக் குனிந்துகொண்டது.

"வெயில் சாய்ந்துவிட்டதே, தம்பி. தண்ணீரை என் வாயிலேயே வைத்து வெதுவெதுப்பாக்குகிறேன்."

அப்படியே செய்தது. மெல்ல, மிக மெல்லத் துதிக்கையால் சொட்டவிட்டது.

"யாராவது ஏதாவது பேசுங்களேன்" என்றது முயல்.

மரங்கொத்தி தன் மாமியார் கதையைத் தொடங்கியது. கதை பாதியில் இருக்கும்போது முயல் காதைக் கவிழ்த்தது. அழுக்குக் கட்டி நீரோடு வழிந்து விழுந்தது.

தவளைச் சத்தம் கேட்டது. அல்லி இலைகள் உரசுவது கேட்டது. வெள்ளச்சியோடு உட்கார்ந்து கேட்ட அதே சத்தங்கள்! முயல் கண்களை மூடிக்கொண்டது.

வலப்பக்கம் ஒரு சருகு நொறுங்கியது.

முயல் துள்ளிப் பாய்ந்தது! அதன்மேல் பாய்ந்த நரி குறிதவறிச் சேற்றில் முகங்குப்புற விழுந்தது. யானை துதிக்கை நிறையக் குளிர்ந்த நீரை உறிஞ்சி, முழுப் பலத்தோடு நரிமேல் அடித்தது.

"இப்போது அடி, அக்கா! நன்றாக அடி!" என்று கத்தியது முயல்.

மென்மையான இடத்துக்கு உதவப் போகிறவர், பலத்தை வெளியே வைத்துவிட்டுப் பொறுமையை மட்டும் கொண்டுபோக வேண்டும்.