அதிர்ஷ்டத்தின் ஊர்

"ஐயா, அதிர்ஷ்டம்ங்கிற சொல்லு எந்த ஊர்லயிருந்து வந்தது?"

கேட்டவன் சங்கு குளிக்கும் பெலவேந்திரன். தலை இன்னும் ஈரம். உச்சி வெயிலில் நின்றும் பல் தந்தியடித்தது.

துபாஷி நிமிர்ந்து பார்த்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கு நாலு பாஷை மொழிபெயர்த்தவர். இப்போது யாராவது கேட்டால் மட்டும் பேசுவார். பெலவேந்திரன் அவரைத்தான் குரு என்பான். அவர் சொல்லி எதையும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

"ஊரு தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"போய்க் கூட்டிட்டு வரணும். என்னை விட்டுப் போயிட்டு."

பதினோரு வருஷமாக அந்தக் கரையில் அதிர்ஷ்டக்காரன் என்றால் அவன்தான். சுறா அவனைத் தொட்டதில்லை. வெறுங்கையோடு ஏறியதில்லை. அவனும் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் ஆடினான்.

"இன்னைக்கு என்ன ஆச்சு?"

"எட்டுப் பாகம், எட்டு ஆள் ஆழம். மூச்சு முடிஞ்சுட்டு. கயித்தை ஆட்டுனேன், இழுக்கல. மறுபடி ஆட்டுனேன், இழுக்கல. அப்புறம் ஒண்ணும் தெரியல. கண்ணு முழிச்சா படகுல கெடக்கேன்."

சொல்லும்போதே மூச்சு வாங்கியது.

"அதிர்ஷ்டம் வடமொழிச் சொல்லு. கண்ணுக்குத் தெரியாததுன்னு அர்த்தம்."

பெலவேந்திரன் ஓர் எட்டு கிட்ட வந்தான். "வேற பாஷையில?"

"அராபியர் நசீப்ம்பாங்க. பங்குன்னு அர்த்தம்."

"பங்கு வைக்கிறது யாரு?"

"சொல்லுல இல்ல."

"பறங்கியர்?"

"சோர்த்தேம்பாங்க. சீட்டு எடுக்கிறதுலேருந்து வந்தது."

"சீட்டைப் போட்டது யாரு?"

"அதுவும் இல்ல."

"ஒண்ணுலயாவது குடுக்கிறவன் பேரு இருக்கா ஐயா? நாளைக்கும் நான் இறங்கணுமே!" அவன் அழுதுவிட்டான்.

துபாஷி அவன் பக்கம் திரும்பினார்.

"உன் கயித்தை யாரு பிடிக்கா?"

"மச்சான் கஸ்பார். பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தானே பிடிக்கணும்? நம்ம வழக்கம் அது."

"ஏன் அப்படி வழக்கம்?"

"தங்கச்சி தாலி அறுக்கக் கூடாதுன்னு விடாம பிடிப்பான்லா."

"உன் பொண்டாட்டி சலேத்தம்மா நல்லா இருக்காளா?"

பெலவேந்திரன் தரையைப் பார்த்தான்.

"இருக்கா. அவ ஆத்தா வீட்டுல."

"எப்போலேருந்து?"

"மூணு நாளா."

"தானாப் போனாளா?"

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"கஸ்பார் வந்திருந்தான்," என்றார் துபாஷி. "உனக்குக் கொஞ்சம் முன்னாலதான்."

"இங்கயா? எதுக்கு?"

"அவனும் ஒண்ணு கேட்டான். கயிறு பிடிக்கிறவன் கை தானா மரத்துப்போனா அது பாவமான்னு."

அலைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கடலுக்கு அடியில்கூட பெலவேந்திரன் இப்படிப் பயந்ததில்லை.

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன தெரியும்? உன் தங்கச்சியக் கேட்டுக்கோன்னு அனுப்பிட்டேன்."