ராணிச்செடியின் மஞ்சள் இலைகள்

மரங்களும் மனிதர்களும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்ட அந்த நாளில், செண்பகக்கோட்டை என்றொரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவள் ராணி வண்டார்குழலி. அவளுக்கு ஒரே மகள், இளவரசி சுடர்க்கொடி.

ராணி நல்லவள். ரொம்ப நல்லவள். மகளுக்குக் கோபம் வரும் அளவுக்கு நல்லவள்.

ராணியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். கொண்டுவந்ததை ராணி தன் கையாலேயே வாங்கிக்கொள்வாள். புளித்த மோர் வந்தாலும் குடிப்பாள். கருகிய அதிரசம் வந்தாலும் தின்பாள். "பாவம், ஆசையாக் கொண்டுவந்தாங்க" என்பாள். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பாள்.

ஊரெல்லாம் ராணியின் புகழாகவே இருப்பதைக் கண்டு வயிறெரிந்தான் தூமக்கண்ணன் என்ற மந்திரவாதி. ஒருநாள் ஒரு கிண்ணம் பாயசத்தோடு சபைக்கு வந்தான். பாயசம் பச்சை நிறம். அதிலிருந்து புகை வேறு வந்தது. "அம்மா, வேண்டாம்!" என்று சுடர்க்கொடி ஓடி வருவதற்குள் ராணி குடித்து முடித்துவிட்டாள்.

சலங்கை குலுங்கியது போல ஒரு சத்தம். ராணியைக் காணோம். வெளியே நந்தவனத்தில் புதிதாக ஓர் இருவாட்சிச் செடி நின்றது.

"அதில் ஒரு பூ மலர்ந்தால் உன் அம்மா திரும்பி வருவாள். இலையெல்லாம் உதிர்ந்துபோனால் அடுப்புக்குத்தான் ஆவாள்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மந்திரவாதி மறைந்தான்.

நல்லவேளை, செடிக்குப் பேச வந்தது. சுடர்க்கொடி முதலில் கேட்டது இதைத்தான்: "பாயசத்துல புகை வந்துதே, உனக்குத் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுதுடி. மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டேன்னு சொல்றது?"

சுடர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் இலைகள் பச்சைப் பசேலென்றுதான் இருந்தன. கொஞ்ச நாளில் அடியிலிருந்து மஞ்சளடிக்க ஆரம்பித்தன.

"எங்கேம்மா வலிக்குது?"

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் இலை பொத்தென்று விழுந்தது.

அரண்மனை வைத்தியர் வந்தார். இலையைப் புரட்டினார், கண்ணை மூடினார். "மஞ்சள்! சந்தேகமே இல்லை இளவரசி, மகாராணிக்குக் காமாலை." கீழாநெல்லியை மோரில் அரைத்து ஒரு குடம் வேரில் ஊற்றினார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன். வைத்தியருக்கு ஒரு பட்டுச் சால்வை கொடு."

பொத்.

ஜோதிடர் வந்தார். "ஊர்க்கண்ணெல்லாம் இந்தச் செடிமேலதான் இருக்கு. கண்ணேறு!" என்று சொல்லி அண்டா நிறைய ஆரத்தி கரைத்துச் சுற்றி, அதையும் வேரிலேயே கொட்டினார்.

"இப்பவாவது சொல்லேம்மா!"

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன். கத்தாதே, அவர் காதுல விழப்போகுது."

பொத், பொத்.

மந்திரி வந்தார். "வெயில் காலமல்லவா? தாகம்தான்" என்றார். வாய்க்காலையே செடிப் பக்கம் திருப்பிவிட்டார்.

பொத், பொத், பொத்.

சுடர்க்கொடி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் செடியின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாய் பொய் சொல்லலாம், இலை சொல்லாது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இலையின் அடிப்பக்கம் பூச்சி இல்லை. நூலாம்படை இல்லை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சத்துக் குறைவு. இங்கே கொழுந்து நன்றாக இருந்தது, முதிர்ந்த இலைதான் நரம்போடு சேர்ந்து மஞ்சளாகியிருந்தது. தாகத்தில் காய்ந்த இலை அப்பளம் போல நொறுங்கும். இது நனைந்த துணி போலத் துவண்டது.

விரலை மண்ணில் விட்டாள். உள்ளே போய்க்கொண்டே இருந்தது, களிமண் கூழாக. முகர்ந்தாள். பாசிபிடித்த குட்டையின் நாற்றம்.

அப்போது நந்தவனத்துக் கதவருகே வரிசையைப் பார்த்தாள். குயவர், கொல்லர், பால்காரி, படைவீரர், எல்லோர் கையிலும் ஒரு சொம்புத் தண்ணீர். ராணியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதே! செடிக்கு வேறென்ன கொண்டுவருவது? ஊரே அன்பாக ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்திருக்கிறது. தினமும் விடிந்ததும் முதல் சொம்பை ஊற்றியவள் தான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்குக் கன்னம் சுட்டது.

"இனி யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது!" என்று தண்டோரா போட்டாள். வாய்க்காலை அடைத்தாள். செடியைச் சுற்றி வடிகால் வெட்டினாள். மறுநாள் மத்தியானம் மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று ஈரம்.

"யாரும்மா ஊத்தினது?"

செடி முனகியது. "பாவம்டி, பால்காரி அவ்வளவு தூரத்துலேருந்து நடந்து வந்திருக்கா. வேலி ஓரமா நின்னு அழுதா. நான்தான் வான்னேன். ஒரு சொம்புதானே!"

"ஒரு சொம்பா?"

"அவளுக்குப் பின்னால கொல்லரும் வந்தார். அவகிட்ட மட்டும் வாங்கிட்டு அவர்கிட்ட வேண்டாம்னா நல்லாருக்குமா?"

சுடர்க்கொடி காவல் போட்டாள். காவலனே ஒரு சொம்பு ஊற்றினான், அவன் மனசு நோகக் கூடாதென்று மகாராணியே ஊற்றச் சொன்னாராம்! இலைகள் கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. கடைசியில் நுனியில் ஒரே ஒரு பச்சை இலைதான் மிஞ்சியது.

அன்று சுடர்க்கொடி தானே ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"இந்தாம்மா. நானும் வெறுங்கையோட வரலை. ஊர்ல எல்லார் மனசும் நோகாம வாங்கிக்கிட்டே, பெத்த மகள் கொடுக்கறதை மட்டும் எப்படி மறுப்பே?"

"சுடர்..."

"இதோட அந்த இலையும் போயிடும். நீ விறகாயிடுவே. நான் அழுவேன். ஆனா அதுக்கென்ன? நான் கொண்டுவந்ததை ஆசையா வாங்கிக்கிட்டேன்னு பேர் கிடைக்குமே! சொல்லும்மா, ஊத்தட்டுமா?"

சொம்பைச் சாய்த்தாள். விளிம்பில் தண்ணீர் திரண்டு நின்றது. பச்சை இலை படபடவென்று அடித்துக்கொண்டது.

"வேண்டாம்," என்றது செடி, மிக மெல்ல. பிறகு உரக்கச் சொன்னது. "வேண்டாம்டி! மூச்சு முட்டுது. வேரெல்லாம் எரியுது. முதல் நாளிலிருந்தே எரியுது. போதும்!"

சுடர்க்கொடி சொம்பைத் தூர எறிந்துவிட்டு, செடியின் தண்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் மண்வெட்டியை எடுத்தாள். செடியைப் பக்குவமாகத் தோண்டி, அழுகிய வேரை நறுக்கி, ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்த மேட்டு மண்ணில் நட்டு நிழல் கட்டினாள். விரல் விட்டுப் பார்த்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டாள்.

அதன் பிறகு காவலே தேவைப்படவில்லை. யார் சொம்போடு வந்தாலும் செடியே சொன்னது: "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். தண்ணி வேண்டாம். உட்கார்ந்து பேசிட்டுப் போங்க." யாருக்கும் மனசு நோகவில்லை. பால்காரி உட்கார்ந்து பொழுது சாயும்வரை தன் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனாள்.

தண்டின் கணுக்கள் வெடித்தன. கொழுந்து வந்தது, இலை வந்தது. ஒரு நாள் அந்தி நேரத்தில், வெள்ளை வெளேரென்று ஓர் இருவாட்சி மலர்ந்தது. வாசம் கோட்டை மதில் தாண்டிப் போனது. செடி நின்ற இடத்தில் முழங்கால்வரை மண்ணோடு ராணி நின்றாள். செய்தி கேட்ட தூமக்கண்ணன் ராவோடு ராவாக மலை தாண்டி ஓடினான். அவனைத் தேடிப் போக யாருக்கும் நேரமில்லை.

"அம்மா!" என்று சுடர்க்கொடி ஓடி வந்தாள்.

"இடுப்பு விட்டுப்போச்சுடி," என்றாள் ராணி. "எத்தனை மாசமா நிக்கிறேன்! ஒரு நாற்காலி போடு. தலையெல்லாம் எறும்பு, எண்ணெய் வெச்சு வாரிவிடு. அந்த வைத்தியரோட கஷாயம் இருக்கே, சகிக்கலை!"

புலம்பலைக் கேட்கக் கேட்க இளவரசிக்கு ஆனந்தமாக இருந்தது. "அப்புறம்? வேற எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலி எடுக்க ஓடினாள். செண்பகக்கோட்டையில் அன்று விளக்கு வைத்த பிறகும் ராணி சொல்லி முடிக்கவில்லை. அவர்களும் நலம், கேட்ட நாமும் நலம்.