அரசருக்குத் தூக்கிய கை

மருதூர் அரசர் கனகவழுதிக்குத் தொப்பை போட்டுவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. தொப்பை என்றால் தொப்பைதான். யானை மேலிருந்து இறங்கும்போது இடைக்கச்சை பட்டென்று அறுந்தது. கீழே நின்ற வீரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அதுதான் அரசரைச் சுட்டது.

உடம்பைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்தார். ஆனால் கோதாவில் இறங்க வெட்கம். மல்லர்கள் பார்த்துச் சிரிப்பார்களே. படுக்கை அறைக்குள்ளேயே பயிற்சி செய்ய என்ன கருவி வேண்டுமோ செய்து கொடு என்று ஆயுதசாலை அதிகாரி சேந்தங்காரியிடம் சொன்னார்.

சேந்தங்காரிக்குப் பெரிதாக இருந்தால்தான் எதுவும் நல்லது. கர்லாக்கட்டை வந்தது. அரசர் ஒரு சுற்று சுற்றினார், நிலைக்கண்ணாடி போய்விட்டது. இளவட்டக்கல் வந்தது. இறக்கும்போதே தரை விரிசல் விட்டது. அப்புறம் அதை அசைக்க ஆளில்லை, அங்கேயே கிடந்தது. கடைசியில் தொங்கி ஏறுவதற்குத் தேக்கு மரத்தில் ஒரு சட்டம் வந்தது. அரசர் அதில் தொங்கியதை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அதில் ராணியின் ஈரப் புடவைகள் தொங்கின. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

சபையில் சாத்தையன் என்று ஒருவன் இருந்தான். அவன் வேலையே பேசுவதுதான். அதனால் வாயை மூடத் தெரியாது. புடவை காய்வது பற்றிப் பேச்சு வந்தபோது, சட்டம் நல்ல சட்டம், வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும் என்று சொல்லிவிட்டான். சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

சேந்தங்காரி இதற்காகவே காத்திருந்தவன்போல எழுந்தான். இவ்வளவு தெரிந்த சாத்தையனே ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துத் தரட்டும் என்றான். அறையை அடைக்கக் கூடாது. யாரும் அதில் துணி காயப்போடக் கூடாது. இதெல்லாம் நியாயம்தான். அடுத்ததுதான் வம்பு. இன்றைக்கு அரசர் தூக்கும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும், நாளைக்கு அதே பொருள் இன்னும் கனமாக இருக்க வேண்டும். பொருள் மட்டும் மாறக் கூடாது.

தானே கனம் கூடும் பொருள் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று சாத்தையன் கேட்டான். அரசர் கோபத்தில் இருந்தார்.

"எங்கே இருக்குதோ எனக்குத் தெரியாது. நாளைக்கு நீ கருவி கொண்டு வரலேன்னா உனக்குத் தூக்கு."

சாத்தையன் கும்பிட்டான். வீட்டுக்குப் போனான். மனைவி சோறு போட்டாள், வெறுமனே பிசைந்துகொண்டே இருந்தான். அரசர் சொன்னதை வார்த்தை வார்த்தையாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தான். கடைசி வார்த்தை வந்ததும் நின்றான். அதை மட்டும் இன்னொரு தடவை சொன்னான். அப்புறம் மனைவியிடம் ரசம் கேட்டான்.

மறுநாள் வெறுங்கையோடு சபைக்கு வந்தான். சேந்தங்காரியின் முகத்தில் கல்யாணக்களை. அரசருக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ராத்திரியே கோபம் ஆறிவிட்டது. ஆனால் ஊரறியச் சொன்ன சொல்லாயிற்றே, எப்படி விழுங்குவது.

"கருவி எங்கே சாத்தையா?"

"கொண்டு வரலை அரசே."

"அப்படின்னா தூக்குதான். வேற வழியில்லை."

"அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு போதாது. ரெண்டாக் கொடுத்திடுங்க."

பயத்தில் இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே அரசர் நினைத்தார்.

"ஒரு கழுத்துக்கு எதுக்குடா ரெண்டு தூக்கு?"

"கழுத்துக்கு இல்லை அரசே, கைக்கு. மடைப்பள்ளியில மோர் எடுத்துட்டுப் போற பித்தளைத் தூக்கு இருக்கே, அதைத்தான் கேட்கிறேன். நீங்க வாய் தவறிச் சொன்னீங்களோ என்னவோ, கருவியோட பேரையே சொல்லிட்டீங்க."

தூக்கு இரண்டும் வந்தன. சாத்தையன் ஒவ்வொன்றிலும் ஒரு படி தண்ணீர் ஊற்றி அரசர் கையில் கொடுத்தான். அரசர் சுலபமாகத் தூக்கினார், கொஞ்சம் பெருமையாகவும் பார்த்தார். இன்னொரு படி ஊற்றினான். இப்போது தோள் நடுங்கியது, நெற்றியில் வேர்வை எட்டிப் பார்த்தது. பொருள் அதே பொருள், கனம்தான் கூடியது. நாளைக்கு இன்னும் அரைப்படி கூட்டிக்கொள்ளலாம் என்றான். முடித்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மூலையில் கவிழ்த்து வைத்தால் போதும், அறையை அடைக்காது. துணியும் காயப்போட முடியாது. அரசர் சோம்பல்பட்டுத் தொடாமல் விட்டால் மடைப்பள்ளிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் மோர் ஊற்றிவிடுவார்கள். அந்தப் பயத்திலாவது தினம் தூக்க வேண்டியிருக்கும்.

அரசர் தூக்குகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார், அதை மறைக்கவும் இல்லை. விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிச் சாத்தையனிடம் கொடுத்தார். அது ஏற்கெனவே இறுக்கம், கழற்றச் சிரமப்பட்டார்.

பிறகு சேந்தங்காரி பக்கம் திரும்பினார். உடைந்த கண்ணாடி, விரிசல் விட்ட தரை, ஈரப் புடவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"சேந்தங்காரிக்குத் தூக்கு."

சேந்தங்காரி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். சாத்தையன் தண்ணீர்க் குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டான்.

"எத்தனை படி, அரசே?"