அடைகாக்கப்பட்ட நோட்டுகள்

பணநோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கத்தான் என்று நன்றாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். ஆழ்ந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. பார்ப்பது, உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று.

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிவந்தபோது, மாந்தோப்பு பருந்தின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. பருந்து ஒரு நிபந்தனையோடுதான் போயிற்று: முதல் சந்தையன்று பொழுது சாய்வதற்குள் தோப்பின் சொந்த நோட்டு ஒன்றாவது ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் தன் முகம் போட்ட பழைய நோட்டே செல்லும், தானும் திரும்பி வரும்.

நோட்டுப் பொறுப்பு கரியம்மை என்ற காக்கையிடம் வந்தது. யார் முகத்தைப் போடுவது? மயில் தோகையோடு வந்து நின்றது. கிளி மூக்கைக் காட்டியது. ஆந்தை பகலிலேயே வந்து கேட்டது. கரியம்மை பூவரச இலையில் ஒரு முட்டையை வரைந்தாள்.

"எல்லாரும் இதுலேருந்துதானே வந்தோம்?"

தோப்பே துள்ளியது. ஆளுக்கொரு நோட்டோடு கூட்டுக்குப் பறந்தார்கள்.

சந்தையன்று தினை குவிந்து கிடந்தது. வாங்க ஒருவரும் இல்லை. கரியம்மை தேடிப் போனால், கூட்டுக்குக் கூடு நோட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்தா சூடு போயிடும் அக்கா," என்றது மைனா. "தினையை இங்கேயே போட்டுட்டுப் போங்க."

கரியம்மையால் திட்ட முடியவில்லை. அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு அவளும் முந்தைய நாள் முழுக்கத் தன் நோட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாய்ந்தது. பருந்து மேலே வட்டமிட்டது.

"என்னம்மா கரியம்மை, உங்க சுதந்திரம் இன்னும் அடையிலதான் இருக்கா?"

அவள் தன் நோட்டை எடுத்துக்கொண்டு உச்சிக்கிளைக்குப் போனாள். எல்லோரும் பார்க்க, அதைக் காலில் இடுக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இலை நரம்புதான் தெரிந்தது. இன்னொரு முறை பார்த்தாள்.

"என்னோடதுல குஞ்சு இல்லை," என்றாள். "உங்களோடதையும் தூக்கிப் பாருங்க."

தோப்பெங்கும் நோட்டுகள் உயர்ந்தன. முதலில் மைனாவுக்குத்தான் பசி தாங்கவில்லை. நோட்டை நீட்டி ஓர் அலகு தினை வாங்கியது. பின்னாலேயே மொத்தத் தோப்பும் சந்தையில் இறங்கிக் கூச்சலிட்டது. பருந்து மலைப்பக்கம் போய்விட்டது.

கைக்கு வரும் நோட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வழக்கம் அன்று முதல்தான் வந்தது. குயில் மட்டும் அன்று உச்சிக்கிளைப் பக்கம் வரவில்லை. மறுநாள் தன் நோட்டைக் கரியம்மையின் கூட்டில் வைத்துவிட்டுப் போயிற்று.